வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில்

ஜனவரி 18, ஞாயிறு

வியந்தியான் வந்து சேர்ந்தேன். லாவோஸின் தலைநகரம். விமானம் தாழ்ந்தபோது ஊர் கண்ணில் படவில்லை. ஆறும், ஆற்றின் நடுவே வெளுத்த மணலும்தான் தெரிந்தன.

விசா ஒட்டித் தருகிற அதிகாரி என் முதுகுப் பையைப் பார்த்துவிட்டு, தனியாகவா என்று கேட்டார். ஆமாம். எத்தனை நாள்? பதினொன்று. எதற்கு? பார்க்க. அவ்வளவுதான், முத்திரை விழுந்தது. வீட்டில் இதைவிடக் குறைவாகத்தான் கேட்டார்கள். லாவோஸ் போய்விட்டு வருகிறேன் என்று நான் சொன்னபோது அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். சரி என்றாள். அது எங்கே இருக்கிறது என்றுகூடக் கேட்கவில்லை. அண்ணி தன்னுடைய ஸ்வெட்டரை எடுத்துவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். இருபத்தொன்பது வயதுவரை மதுரைக்குப் போவதற்கே நான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாதம் நான் என்ன கேட்டாலும் கிடைக்கும்.

விடுதி ஆற்றங்கரைச் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. இரண்டு மாடி, ஆறு அறைகள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நடத்துகிறவள் பெயர் வியெங்காம். என்னைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கலாம். பள்ளிக்கூட ஆங்கிலம் பேசுகிறாள், என்னுடையதும் அதேதான். அதனால் இருவருக்கும் நன்றாகப் புரிகிறது. நான்கு இரவுக்கு அறை சொல்லியிருக்கிறேன். வியாழன் காலை லுவாங் பிரபாங் போகும் ரயிலுக்கு டிக்கெட் இருக்கிறது.

இந்த டைரி எங்கள் அச்சகத்து மாதிரிப் பிரதி. சிவகாசியில் நான் பிழை திருத்தியது. ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இராகு காலம், எமகண்டம், குளிகை. இங்கே நேரம் ஒன்றரை மணி முன்னால் ஓடுகிறது. இராகு காலத்தை எந்த ஊர்க் கடிகாரத்தில் பார்ப்பது என்று பின்னட்டைக் குறிப்பில் எங்கும் இல்லை. ஆயிரம் பக்கம் திருத்தியும் எனக்கு இது தோன்றியதில்லை.

ஜனவரி 19, திங்கள்

காலை ஆறரைக்கே நடக்கத் தொடங்கினேன். பிரெஞ்சு ரொட்டியைப் பிளந்து முட்டையும் கீரைத் தண்டும் வைத்துத் தருகிறார்கள். அதைத் தின்றுகொண்டே நடந்தேன். ஊரில் ஒரு பெண் தெருவில் தின்றுகொண்டு நடந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். இங்கே யாரும் பார்க்கவில்லை. ஹாரன் சத்தமும் இல்லை. சிவப்பு விளக்கு இல்லாத இடத்திலும் வண்டிகள் ஒன்றையொன்று போகச் சொல்லிக் காத்து நிற்கின்றன. தலைநகரம் என்று சொன்னால் நம்பக் கடினம்.

பதுசை என்கிற வெற்றி வளைவைப் பார்த்தேன். அகலமான சாலையின் முடிவில் பிரம்மாண்டமாக நிற்கிறது. அதன் அடியில் உள்ள பலகையில், கிட்டே வந்து பார்த்தால் இதன் அழகு இன்னும் குறைவு என்கிற பொருளில் அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். இரண்டு முறை படித்தேன். ஒரு நாடு தன்னைப் பற்றி இப்படி எழுதி, அதை ஒருவர் சரிபார்த்து, அச்சுக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார். அந்தச் சரிபார்த்தவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது.

பிறகு கறுப்பு ஸ்தூபி. அதன்மேல் புல் முளைத்திருக்கிறது. சுற்றிலும் வண்டிகள் ஓட, அது பாட்டுக்கு நடுவில் நிற்கிறது. அங்கே ஒரு கல்லில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எழுதிவிடுகிறேன். டைரியிலும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருப்பதில் பயனில்லை.

அண்ணன் ஜெயபாண்டிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து பதினான்கு மாதம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். அம்மாவுக்குச் சர்க்கரை. அண்ணிக்கு இரத்த அழுத்தம். பொருந்துகிற ஆள் நான்தான். எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது, ஆனால் கடைசி முடிவை வீட்டில் இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கடைசியாக டாக்டர் என்னை மட்டும் தனியே அழைத்துப் பேசினார். கதவைச் சாத்திவிட்டு, உங்களுக்கு விருப்பமில்லையென்றால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள் என்றார். பொருந்தவில்லை என்று வீட்டில் நான் சொல்லிவிடுகிறேன், காரணம் யாருக்கும் தெரியாது, எந்தக் காலத்திலும் தெரியாது. இருபத்து மூன்றாம் தேதி வெள்ளி மாலைக்குள் எனக்குப் போன் செய்யுங்கள், சனிக்கிழமை உங்கள் வீட்டு ஆட்களை உட்காரவைத்து முடிவைச் சொல்ல வேண்டும்.

நல்ல மனுஷி. என் முகத்தில் எதைப் பார்த்தாள் என்று தெரியவில்லை.

ஆக, வெள்ளி மாலை வரை எனக்கு அவகாசம். எந்தப் பதில் சொன்னாலும் அடுத்த நாள் யாரும் என்னைக் குற்றம் சொல்லப்போவதில்லை. அதுதான் கடினமாக இருக்கிறது.

மாலையில் ஆற்றங்கரைக்குப் போனேன். மேகாங் இந்த மாதத்தில் பாதியாகச் சுருங்கியிருக்கிறது. அக்கரை தாய்லாந்து. பெண்கள் கூட்டமாக நின்று பாட்டுக்கு உடற்பயிற்சி செய்தார்கள். கடைசி வரிசையில் நின்று நானும் கொஞ்ச நேரம் கையை ஆட்டினேன். கால்கள் வரவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

அம்மாவிடமிருந்து காலையில் குரல் செய்தி: "தண்ணி நல்லா குடிக்கிறியா? வெளியில கண்டதையும் திங்காத. மாத்திரை கீத்திரைன்னு எதுவும் வாங்கிப் போட்றாத. ரெண்டு சக்கர வண்டில ஏறாத."

இதே வாக்கியங்களைப் போன வருஷமும் சொல்லியிருப்பாள். அப்போது அவை எனக்காகச் சொன்னவை. இப்போது யாருக்காகச் சொல்கிறாள் என்று யோசிக்கிறேன். யோசிப்பதற்காக வெட்கப்படுகிறேன். இருந்தாலும் யோசிக்கிறேன். மார்கழி முழுக்க எனக்கு மட்டும் இரண்டு முட்டை. சாப்பாட்டில் உப்பு குறைந்தது வீட்டில் எல்லோருக்கும்தான், ஆனால் என் தட்டைத்தான் பார்த்தார்கள். தரப்போகிறாயா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. அம்மா கேட்கவில்லை, அண்ணி கேட்கவில்லை, அண்ணன் கேட்கவே இல்லை. கேட்டால்தானே இல்லை என்று சொல்ல வாய்ப்பு.

சி சாகெத் கோயிலுக்குப் போனேன். சுற்று மண்டபத்துச் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மாடங்கள், மாடத்துக்குள் விரல் அளவு புத்தர்கள். ஆயிரக்கணக்கில். சிலவற்றுக்குக் கை இல்லை, சிலவற்றுக்குத் தலை இல்லை. எதையும் எடுத்து ஒளித்துவைக்கவில்லை. முழுசாக இருப்பவற்றுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கின்றன. நான் எண்ணத் தொடங்கி நூற்றுப்பத்தில் விட்டுவிட்டேன்.

அண்ணன் கெட்டவன் இல்லை. இதை எழுத வேண்டியதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். சைக்கிள் கற்றுத் தந்தவன் அவன்தான். என் ஹைதராபாத் கடிதத்தை ஒளித்துவைத்தவனும் அவன்தான்.

இராகு காலம் 3.00 - 4.30. அப்போது தூங்கினேன்.

ஜனவரி 21, புதன்

காலையில் ரொட்டி வாங்கித் திரும்பியபோது விடுதியின் கூடத்தில் பாய் விரித்திருந்தார்கள். நடுவில் வாழையிலையைக் கூம்புகளாக மடித்துச் செவ்வந்திப்பூ செருகிய ஒரு கோபுரம். அதைச் சுற்றி அவித்த முட்டை, வாழைப்பழம், ஒட்டுகிற சோறு, ஒரு பாட்டில் சாராயம். கோபுரத்தின் இலை நுனிகளிலிருந்து வெள்ளை நூல்கள் தொங்கின. வியெங்காமின் கணவன் சொம்போன் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி ஒரு வாரம்தான் ஆகிறதாம். மோட்டார்சைக்கிள் விபத்து. மண்ணீரலை எடுத்துவிட்டார்கள். அதற்காக இந்தச் சடங்கு.

வெளியே போய்விடலாம் என்று பையை எடுத்தேன். வியெங்காம் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டாள். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோரும் உட்கார வேண்டும், அறை எடுத்தவளும் வீட்டில் இருப்பவள்தான் என்றாள்.

அவள் விளக்கியது இது. உடம்பில் முப்பத்திரண்டு பாகங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உயிர் உண்டு. பயம், நோய், பிரயாணம், இவை வந்தால் அந்த உயிர்களில் சில வழிதவறி எங்காவது போய்விடும். மருத்துவமனையில் விட்டுவிட்டு வரலாம், விபத்து நடந்த சாலையில் நின்றுகொண்டிருக்கலாம். அவற்றைக் கூப்பிட்டு உடம்புக்குள் சேர்த்து, மறுபடி ஓடிவிடாதபடி மணிக்கட்டில் நூல் கட்டுவார்கள்.

வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் சம்மணமிட்டு ராகமாகச் சொல்லத் தொடங்கினார். சொம்போன் பூக்கோபுரத்தின் அடித்தட்டைத் தொட்டான். அவன் முழங்கையை வியெங்காம் தொட்டாள், அவள் முழங்கையை அத்தை, அத்தையின் முழங்கையை நான். அப்படியே பின்வரிசை வரை சங்கிலி. வருக வருக என்று மறுபடி மறுபடி ஒரு சொல் வந்தது. நடுவில் சொம்போன் ஏதோ சொன்னான், கூடமே சிரித்தது. வியெங்காம் என் பக்கம் சாய்ந்து மொழிபெயர்த்தாள்.

"முப்பத்தொண்ணு கூப்பிட்டாப் போதும், ஒண்ணை டாக்டர் வச்சுக்கிட்டாருன்னு சொல்றான்."

வெள்ளைச் சட்டைக்காரர் சிரிக்காமல் ஒரு வரி சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். அவர் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"இருந்தாலும் கூப்பிடணும்னாரு. உறுப்பு இல்லாட்டி அது பாவம், எங்க போகும்."

பிறகு ஒவ்வொருவராக நூல் கட்டினார்கள். முதலில் நூலால் உள்ளங்கையை வெளிப்பக்கமாகத் தடவி, பிறகு உள்பக்கமாகத் தடவி, வாழ்த்து முணுமுணுத்துக்கொண்டே முடிச்சு. எனக்கும் நான்கு பேர் கட்டினார்கள். ஒருத்தி என் கையில் முட்டையை வைத்துக் கட்டினாள். என்ன வாழ்த்துகிறார்கள் என்று தெரியாமல் வாங்கிக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

சாப்பிடும்போது வியெங்காமிடம் கேட்டேன்: ஒருவருடைய பாகத்தை எடுத்து இன்னொருவருக்கு வைத்தால் அதன் உயிர் எங்கே இருக்கும்? அவள் பப்பாளிக்காய் சாலட்டை மெல்வதை நிறுத்திவிட்டு, யாருக்கு என்று கேட்டாள். ஒரு தோழிக்கு என்றேன். அவள் என் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள். நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

"அதை நான் யார்ட்டப் போய்க் கேக்குறது," என்றாள். "கூப்பிட்டா வரும். கூப்பிடாட்டி வராது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். சோறு வச்சு, பூ வச்சு, அரை மணி நேரம் கெஞ்சுறோம் பாத்தியா? நம்ம சொந்த உயிர்தான, ஆனாலும் கெஞ்சணும்."

இன்று புதன். அண்ணனுக்கு டயாலிசிஸ் முடிந்திருக்கும்.

ஜனவரி 22, வியாழன்

ரயில் 8.10க்கு. போகவில்லை.

அதே நாள், மாலை

காலையில் பையைக் கட்டி வாசல்வரை வந்தேன். செருப்பை மாட்டக் குனிந்தபோது மணிக்கட்டில் நான்கு வெள்ளை நூல்கள் தெரிந்தன. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குக் காப்புக் கட்டினால், அவிழ்க்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. அண்ணன் தீச்சட்டி எடுத்த வருஷம், காப்புக் கட்டிவிட்டதால் விருதுநகரில் நடந்த கூட்டாளி கல்யாணத்துக்கே போகவில்லை. எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று பன்னிரண்டு வயதிலிருந்து சொல்லிவருகிறேன். ஆனால் கால் எழவில்லை. எட்டுப் பத்துக்கு ரயில் போயிருக்கும். ஒன்பதுக்கு மேலே அறைக்குத் திரும்பி, பையை அவிழ்த்து, துணிகளைத் துவைத்தேன்.

மதியம் வியெங்காம் கேட்டாள், ஏன் போகவில்லை என்று. கையைக் காட்டினேன். மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது என்று நீதானே சொன்னாய், அதனால் ஊரை விட்டுப் போகக் கூடாதில்லையா என்றேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் துவைத்துப் பிழிந்த போர்வையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

"அட, இது போறதுக்குத்தான் கட்டுறது. ஊருக்குப் போறவங்களுக்கு, பட்டாளத்துக்குப் போறவங்களுக்கு. உயிரெல்லாம் கூடவே வரணும்னு கட்டுறோம். நீ என்னடான்னா கட்டிப் போட்டாங்கன்னு நெனச்சுட்டியா?"

உள்ளே திரும்பி சொம்போனிடம் சொன்னாள். அவன் வயிற்றுத் தையலைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்குச் சொன்னான். மாலைக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது. காய்கறி விற்கிறவள் தன் மணிக்கட்டைக் காட்டி, என்னைப் பார்த்துக் கைதியைப்போல் இரு கையையும் சேர்த்துவைத்து நடித்தாள்.

நானும் சிரித்தேன். பிறகு அறையில் வந்து படுத்தபோது சிரிப்பு வரவில்லை. என்னை யாரும் தடுக்கவில்லை. நானே ஒரு விதியைக் கொண்டுவந்து வாசற்படியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். நன்றாகப் பழகிய இடம் போலிருந்தது அது.

ஹைதராபாத் கடிதத்தைப் பற்றி எழுதிவிடுகிறேன்.

பதினெட்டு வயதில் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஐந்து வருஷப் படிப்புக்குத் தேர்வு எழுதினேன். முடிவு வரவேயில்லை. கிடைக்கவில்லை போலிருக்கிறது என்று சிவகாசியிலேயே சேர்ந்தேன். இருபது வயதில், அப்பா நடத்திய எங்கள் பைண்டிங் கடையின் பீரோவில் பழைய ரசீதுப் புத்தகம் தேடியபோது அந்த உறை கிடைத்தது. பிரித்திருந்தது. இடம் கிடைத்திருந்தது. சேர வேண்டிய கடைசித் தேதி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. உறையில் தேதிமுத்திரைக்குப் பக்கத்தில் அண்ணனின் கையெழுத்து, கடைக்கு வரும் தபாலில் எல்லாம் போடுவதுபோல 'பார்த்தாச்சு' என்று. பழக்கதோஷத்தில் போட்டிருக்கிறான்.

எடுத்து என் பெட்டியில் வைத்துக்கொண்டேன். அவனிடம் கேட்கவில்லை. ஒன்பது வருஷம். அவன் கல்யாணத்தில் நான்தான் பன்னீர் தெளித்தேன். அவனுக்குச் சிறுநீரகம் போய்விட்டது என்று தெரிந்த அன்று அழுதேன், அது நிஜமான அழுகைதான். பரிசோதனை முடிவில் பொருந்துகிறது என்று வந்தபோது ஒரு நொடி எனக்குள் என்ன வந்தது என்பதை மட்டும் இந்த டைரியில்கூட எழுதப்போவதில்லை.

டாக்டர் தருகிற வழியும் ஓர் உறைதான். யாருக்கும் தெரியாமல் பீரோவில் வைத்துவிடலாம்.

நாளை வெள்ளி.

ஜனவரி 23, வெள்ளி

இங்கே காலை பத்தரை. அங்கே ஒன்பது. அண்ணன் மெஷினில் இருப்பான் என்று தெரிந்தே கூப்பிட்டேன். நான்கு மணி நேரம் எழுந்து போக முடியாது.

உடனே எடுத்தான். பின்னால் மெஷின் சத்தம். எந்த ஊரில் இருக்கிறாய் என்றான். அதே ஊர்தான், ரயிலை விட்டுவிட்டேன் என்றேன். காப்புக் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தான், சிரித்துக் களைத்தான். பக்கத்துப் படுக்கையில் இருந்தவரிடமும் சொன்னான். பிறகு கேட்டான்:

"கையில என்ன வச்சிருக்க, குடிக்க?"

"கரும்புச் சாறு."

"ஐஸ் போட்டா?"

"ம்."

"குடி. எனக்குச் சத்தம் கேக்குற மாதிரி குடி."

அவனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். மாத்திரைக்குக் குடிப்பதும் அதில் சேர்த்தி. போனை டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துக் குடித்தேன். ஐஸ் கட்டியைக் கடித்தேன். அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு டாக்டருக்குப் போன் செய்ய வேண்டும் என்றேன்.

"வேண்டாம்," என்றான். "நான் பேசிட்டேன். நாளைக்கு எல்லாரையும் உக்கார வச்சு, பொருந்தலன்னு சொல்லிருவாங்க. அம்மா ரெண்டு நாள் அழும், அப்புறம் தேறிரும். வேற எங்கயாச்சும் கெடைக்குமான்னு பேர் எழுதி வச்சுக்கலாம். நீ ஊரச் சுத்திட்டு மெதுவா வா."

எப்போது பேசினாய் என்று கேட்டேன். நீ ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறின அன்றைக்கே என்றான்.

ஆறு நாள். நான் வளைவுகளையும் ஸ்தூபிகளையும் பார்த்துக்கொண்டு என் பதிலைத் தேடி நடந்த ஆறு நாளும் என் பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது.

"என்னயக் கேட்டியா?" என்றேன்.

"இதுல என்ன கேக்குறது. ஒன் நல்லதுக்குத்தான பண்ணுனேன்."

அவன் குரலில் அன்புதான் இருந்தது. அன்பு இல்லாமல் இருந்திருந்தால் நான் போனை வைத்திருப்பேன்.

"ஹைதராபாத் லெட்டரும் நல்லதுக்குத்தானா?"

 சந்தில் வியெங்காம் போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். அது முடிந்து, அடுத்த போர்வையையும் போட்டாள்.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"ஒம்பது வருஷமா."

"பீரோவுல அது இல்லன்னதும் நெனச்சேன். நீ வந்து கேப்ப, கேப்பன்னு இருந்தேன். நீ கேக்கல. சரி, எலி கிலி இழுத்துட்டுப் போயிருக்கும்னு வச்சுக்கிட்டேன். மாரி, அப்ப அப்பா போயி மூணு மாசம். கடை கெடந்த கெடப்பு. ஒன்னயத் தனியா அவ்வளவு தூரம் அனுப்பப் பயம். அம்மாட்டக் காட்டுனா அம்மா அனுப்பிரும். அதான் காட்டல. தப்புதான்."

அம்மா அனுப்பியிருப்பாள். இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

"அப்பயும் என்னயக் கேக்கல, இப்பயும் கேக்கல," என்றேன். "இந்தத் தடவ கேளு."

"என்னத்தக் கேக்க?"

"தருவியான்னு."

"ச்சே. எந்த வாயால கேக்குறது அத? எனக்கு என்ன யோக்கியத இருக்கு?"

"யோக்கியத இருக்கா இல்லையான்னு நான் பாத்துக்குறேன். நீ கேளு."

 அப்போது பக்கத்துப் படுக்கைக்காரரின் குரல் கேட்டது, வயதானவர் போல. "கேளுங்க தம்பி. நாங்க வேணா காதப் பொத்திக்கிறோம்."

யாரோ ஒரு நர்ஸ் சிரித்தாள். அண்ணன் தொண்டையைச் செருமினான். கடையில் பெரிய ஆர்டர்காரர்களிடம் பேசும்முன் அப்படிச் செய்வான்.

"மாரீஸ்வரி," என்றான். என் முழுப் பெயரை அவன் சொல்லிக் கேட்டதாக நினைவில்லை. "ஒன் கிட்னில ஒண்ணு எனக்குத் தருவியா?"

"யோசிச்சுச் சொல்றேன்," என்றேன்.

அவன் சிரித்தானா அழுதானா என்று தெரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர், அதுவும் நியாயம்தானே என்றார்.

அதன்பிறகு டாக்டருக்குப் போன் செய்தேன். பொருந்தவில்லை என்று சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். அப்படியானால் சம்மதமா என்று கேட்டார். அதை நாளைக்கு நானே எங்கள் வீட்டு ஆட்களிடம் சொல்கிறேன், எல்லோரும் உட்கார்ந்ததும் என்னைக் கூப்பிடுங்கள் என்றேன். உங்கள் அண்ணன் என்னிடம் கேட்டுக்கொண்டது வேறு மாதிரி என்றார். தெரியும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, நீங்கள் தரமாட்டேன் என்று அவர்கள் முன்னால் சொன்னாலும் நான் உங்கள் பக்கம்தான் இருப்பேன் என்றார்.

மாலை ஆற்றங்கரையில் உடற்பயிற்சி. இன்று கால்களும் வந்தன.

ஜனவரி 24, சனி

விடியலில் எழுந்து மறுபடி ஆற்றுக்குப் போனேன். மணலில் இறங்கித் தண்ணீர் வரை நடக்க இருபது நிமிஷம் பிடித்தது. பக்கத்தில் யாருமில்லை. 'மாட்டேன்' என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சுலபமாக வந்தது. அம்மாவின் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன், வந்தது. அண்ணனின் முகத்தை நினைத்துக்கொண்டு சொன்னேன். அதுவும் வந்தது. இத்தனை வருஷம் அந்தச் சொல் எனக்கு வராது என்று எல்லோரோடும் சேர்ந்து நானும் நம்பியிருந்தேன். நாலைந்து தடவை சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் அதைச் சொல்ல எனக்கு ஆசை இருக்கவில்லை. அக்கரையில் யாரோ படகைத் தண்ணீரில் தள்ளினார்கள்.

பதினொரு மணி ரயிலில் இடம் கிடைத்தது. வியெங்காம் வாசலில் நின்று, லுவாங் பிரபாங்கில் ஒட்டுகிற சோறு இங்கேயுள்ளதைவிட நன்றாக இருக்கும் என்று சொல்வார்கள், நம்பாதே என்றாள். சொம்போன் என் பையைத் தூக்கவந்தான், அவள் திட்டி உட்காரவைத்தாள்.

இதை ரயிலில் எழுதுகிறேன். சமவெளி முடிந்து சுண்ணாம்பு மலைகள் தொடங்கிவிட்டன.

பன்னிரண்டரைக்கு டாக்டர் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருப்பதாகச் சொன்னார். பொருந்துகிற விஷயத்தை அதற்குள் சொல்லிவிட்டார் போலும், அண்ணி மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அம்மா தொடங்கினாள்: "எனக்குத் தெரியும் டாக்டரம்மா, எம்புள்ள அண்ணனுக்கு இல்லன்னு சொல்..."

"அம்மா, இரு," என்றேன். "அண்ணன் நேத்து என்னயக் கேட்டுச்சு. யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்."

 அம்மா அண்ணனைத் திரும்பிப் பார்த்திருப்பாள். கேட்டாயா என்று. அவன் தலையைக் குனிந்திருப்பான்.

"யோசிச்சுட்டேன்ணே. தர்றேன்."

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு தொடர்ந்தேன்.

"மார்ச்சுல வச்சுக்கோங்க. அதுக்கு முன்னாடி அம்மாட்ட ஒரு விஷயம் நீ சொல்லணும். நான் சொல்லமாட்டேன், நீதான் சொல்லணும்."

"சொல்றேன்," என்றான். "இன்னைக்கே சொல்றேன்."

என்ன விஷயம் என்று அம்மா கேட்பது காதில் விழுந்தது. ரயில் ஒரு குகைக்குள் நுழைந்தது, ஜன்னல் கறுத்தது, எதிரே என் முகம் தெரிந்தது. இணைப்பு போய்விடும் என்று நினைத்தேன். சின்னக் குகைதான் போல. வெளிச்சம் வந்தபோது அங்கே எல்லோரும் ஒரே சமயத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவரவர் சொல்வது எனக்குக் கேட்கிறது என்று அவரவர் நினைத்துக்கொண்டு. நான் குறுக்கிடவில்லை. அடுத்த குகை வரும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.